அம்மாவுக்குச் சொல்லாத பாதி

ஜனவரி 6, சனி

அட்டை கோணலாக ஒட்டிப்போன டைரிகளை அச்சகத்தில் வேலை பார்ப்பவர்களுக்கே கொடுத்துவிடுவார்கள். அப்பாவுக்கு இந்த வருடம் இரண்டு கிடைத்தது. ஒன்றில் அம்மா பிளவுஸ் அளவுகள் எழுதுகிறாள். இது எனக்கு.

ஒழுங்காகவே ஆரம்பிக்கிறேன். என் பெயர் பியூலா. பிளஸ் டூ. ஊர் பாளையங்கோட்டை. அப்பா ஜோயல், அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறார். அம்மா எமீமா, வீட்டிலேயே தையல். இரண்டு பேருக்கும் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. எங்கள் வீட்டில் பேச்சு என்றால் கைப்பேச்சுதான். எனக்குக் காது கேட்கும் என்பது என் ஒன்பதாவது மாதத்தில்தான் தெரிந்ததாம். அம்மாவின் முதுகுக்குப் பின்னால் தட்டு விழுந்திருக்கிறது, நான் வெடுக்கென்று திரும்பியிருக்கிறேன். என் தலை திரும்பியதை வைத்துத்தான் தட்டு விழுந்ததே அம்மாவுக்குத் தெரிந்தது. அன்றைக்கே எனக்குக் கையால் ஒரு பெயர் வைத்தார்கள். காது மடலைத் தொட்டுவிட்டு அந்த விரலை வெளியே நீட்ட வேண்டும். அதுதான் நான்.

இன்று செய்தவை: கேஸ்காரரிடம் பேசினேன். அப்பாவின் ஆதாரில் பிறந்த தேதியைத் திருத்த இ-சேவை மையத்தில் நின்று பேசினேன். பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் பிளவுஸ் கழுத்து இறக்கமாகிவிட்டது என்று சண்டைக்கு வந்தார். அம்மா பதிலுக்குச் சொன்னதைக் கொஞ்சம் குறைத்துச் சொல்லி அனுப்பினேன். அப்படித்தான் எப்போதும் செய்வேன். இயற்பியல் நான்காம் பாடம் படிக்கவில்லை.

ஜனவரி 11, வியாழன்

என் வகுப்பு ஷமீமா, சென்னையில் உள்ள ஒரு கல்லூரியின் விண்ணப்பம் இரண்டு கொண்டுவந்தாள். ஐந்து வருட அறிவியல் படிப்பு, விடுதியில் தங்க வேண்டும். நுழைவுத் தேர்வு மே மாதம் மதுரையில். எனக்கு எதற்கு என்றேன். சும்மா வைத்துக்கொள் என்றாள். வேதியியல் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். கசங்கக்கூடாது என்று பழுப்புத்தாளில் ஒரு உறை செய்து போட்டேன். வேறு காரணம் இல்லை.

ஜனவரி 17, புதன்

பள்ளியிலிருந்து வந்ததும் அம்மா என்னை உள்ளறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். என் கையைப் பிடித்து அவள் இடது மார்பின் ஓரத்தில் வைத்தாள். ஒரு கட்டி, புளியங்கொட்டை அளவு இருந்தது. அழுத்தினால் நகரவில்லை.

எப்போதிருந்து என்று கேட்டேன். கிறிஸ்துமஸுக்கு முன்னாலிருந்து. வலி இல்லையாம், அதனால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லையாம். அப்பாவிடம் சொல்லட்டுமா என்றேன். இப்போது வேண்டாம் என்றாள்.

பிறகு கூட்டாஞ்சோறு வைத்தாள். நான் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். சாப்பிடவில்லை என்றால் கேட்பாளே.

ஜனவரி 20, சனி

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா இருந்த அறை வாசலில் பிரிவின் பெயரைப் பலகையில் எழுதி வைத்திருந்தார்கள். நான் அதை மறைத்துக்கொண்டு நின்றேன். அம்மா தமிழ் படிப்பாள், ஆனால் எழுத்துக்கூட்டி மெதுவாகத்தான்.

டாக்டரம்மா நல்லவர்தான். அம்மாவைத் தொட்டுப் பார்த்தார், என்னைப் பார்த்துப் பேசினார். "கட்டி கெட்டியா இருக்கு, ஓரம் ஒழுங்கா இல்ல. புற்றா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஸ்கேன் பண்ணி, ஊசி வச்சு எடுத்துப் பார்த்தாத்தான் சொல்ல முடியும். அம்மாகிட்ட நீ பக்குவமாச் சொல்லு, பயமுறுத்திராத" என்றார்.

நான் அம்மாவிடம் சொன்னது: சாதாரணக் கட்டி. உள்ளே நீர் இருக்கும். ஊசியால் எடுப்பார்கள்.

அம்மா என்னைப் பார்த்தாள், பிறகு டாக்டரம்மாவின் வாயைப் பார்த்தாள். அவர் அவ்வளவு நேரம் பேசினாரே, நீ இரண்டு விநாடியில் முடித்துவிட்டாயே என்று கேட்டாள். மீதியெல்லாம் மருந்துப் பெயர் என்றேன்.

திரும்பி வரும்போது சமாதானபுரம் நிறுத்தத்தில் இறங்கி ஆளுக்கு ஒரு கரும்புச் சாறு குடித்தோம். பக்குவமாகத்தான் சொல்லியிருக்கிறேன்.

ஜனவரி 21, ஞாயிறு

ஆலயத்தில் பிரசங்கத்தை நான் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் கையால் சொல்லவில்லை. கை வலிக்கிறது என்றேன்.

ஜனவரி 29, திங்கள்

ஊசிச் சோதனையில் தெளிவாக ஒன்றும் தெரியவில்லையாம். கட்டியை எடுத்துத்தான் பார்க்க வேண்டும். அம்மாவிடம், நீர் முழுதாக வரவில்லை, சின்னதாகக் கீறி எடுத்துவிடுவார்கள் என்றேன். சரி என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை.

யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. நாசரேத்தில் இருக்கும் ஐவி பெரியம்மாவுக்கு மொட்டைமாடியிலிருந்து போன் செய்தேன். பெரியம்மா அம்மாவுக்கு மூத்தவர், அவருக்குக் காது கேட்கும். கொஞ்ச நேரம் அழுதார். பிறகு, "ஏட்டி, அவகிட்ட ஒண்ணும் சொல்லிக்கிடாத. அவ தாங்க மாட்டா. சின்னப் பிள்ளைலேருந்தே நாங்க அவளுக்கு எதையும் பாதிதான் சொல்லுவோம். நல்லாத்தான இருக்கா" என்றார்.

அப்படியென்றால் நான் செய்தது சரி. பெரியவர்களும் அதைத்தான் சொல்கிறார்கள்.

பிப்ரவரி 3, சனி

அம்மாவுக்கு என் மேல் என்ன கோபம் என்று தெரியவில்லை. காலையில் கேஸ்காரர் வந்தபோது நான் எழுந்தேன். உட்கார் என்றாள். அப்பாவை அனுப்பினாள். அப்பா ஒரு சின்ன நோட்டில் எழுதிக் காட்டி, அவர் எழுதி, பத்து நிமிடம் ஆனது. கேஸ்காரர் என்னை எட்டிப்பார்த்து, "ஊமை வீட்டுப் பாப்பாக்குப் பரீட்சையாக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ரேஷன் கடைக்கும் அவர்கள் இரண்டு பேருமே போய் வந்தார்கள். மத்தியானம் அப்பாவுக்குக் குழம்பு வைக்கச் சொல்லிக்கொடுத்தாள். அப்பா இருபது வருடமாக அடுக்களைப் பக்கம் வந்ததில்லை. புளியைக் கரைக்கத் தெரியாமல் சட்டையெல்லாம் தெறித்தது. அம்மா சிரிக்கவில்லை. திரும்பவும் முதலிலிருந்து செய்து காட்டினாள்.

என்னை எதற்கும் கூப்பிடவில்லை. வீட்டில் எனக்கு வேலையே இல்லாமல் போய்விட்ட மாதிரி இருந்தது.

பிப்ரவரி 8, வியாழன்

திருப்புதல் தேர்வில் கணக்கில் எழுபத்தொன்று குறைந்திருக்கிறது. இருநூறுக்கு நூற்றிருபத்தொன்பது. அம்மா ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டாள். திட்டியிருக்கலாம்.

பிப்ரவரி 14, புதன்

ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு, லெந்து, ஆரம்பித்துவிட்டது. அடுத்த வியாழன் ஆபரேஷன்.

சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்கக் கூப்பிட்டிருந்தார்கள். இரண்டு பக்கம். கட்டியை எடுத்தவுடனேயே அங்கே வைத்து ஓர் அவசரச் சோதனை செய்வார்களாம். கெட்டது என்று தெரிந்தால் அதே மயக்கத்திலேயே மார்பை முழுதாக எடுத்துவிடச் சம்மதம் என்று ஒரு வரி இருந்தது. நான் அதை மூன்று தடவை படித்தேன்.

அம்மா என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். எல்லாருக்கும் கொடுக்கிற தாள்தான் என்றேன்.

அம்மா பேனாவை வாங்கிக்கொண்டாள். கையெழுத்துப் போடுகிற வரைக்கும் தாளைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எமீமா என்பதில் கடைசி எழுத்துக்குக் கால் போட மறந்துவிட்டாள். திருப்பிக் கொடுத்துப் போடச் சொன்னேன்.

பிப்ரவரி 17, சனி

அந்த விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி பிப்ரவரி 28. சும்மா எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி 21, புதன்

இன்று நடந்ததை முழுவதும் எழுத வேண்டும்.

அம்மாவை நேற்றே வார்டில் சேர்த்துவிட்டார்கள். காலை பதினொரு மணிக்கு மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் கட்டில் கட்டிலாகப் பார்த்துக்கொண்டு வந்தார். என்னிடம், "என்ன ஆபரேஷன், எதுக்குன்னு அம்மாவுக்குத் தெரியும்லா?" என்று கேட்டார். தெரியும் சார் என்றேன். எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

என்ன கேட்டார் என்றாள் அம்மா. காலையில் ஏதாவது சாப்பிட்டீர்களா என்று கேட்டார் என்றேன்.

அம்மா தலையணைக்கு அடியிலிருந்து ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்தாள். என் பையிலிருந்து பேனாவை எடுத்தாள். சீட்டின் பின்பக்கத்தில் ஒரே ஒரு சொல்லை எழுதி என் மடியில் வைத்தாள்.

புத்து?

புற்று என்பதை அப்படித்தான் எழுதியிருந்தாள். எழுத்தைவிடக் கேள்விக்குறி பெரிதாக இருந்தது.

இல்லை என்று தலையாட்டினேன். விளக்கிச் சொல்லக் கையைத் தூக்கினேன். அம்மா என் இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டாள். எங்கள் வீட்டில் யாரும் யார் கையையும் அப்படிப் பிடிக்க மாட்டார்கள். மற்றவர்கள் வீட்டில் வாயைப் பொத்துவது போல அது. அப்படியே பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பக்கத்துக் கட்டில்காரர்கள் எங்களையே பார்த்தார்கள்.

பிறகு கையை விட்டாள். "என் உடம்பு. முழுதாகச் சொல்" என்றாள்.

சொன்னேன். ஜனவரி இருபதாம் தேதியிலிருந்து டாக்டரம்மா சொன்னது ஒவ்வொன்றையும், அவர் சொன்ன வரிசையிலேயே சொன்னேன். ஊசிச் சோதனை, அவசரச் சோதனை, படிவத்தில் இருந்த அந்த வரி. அதைச் சொல்லும்போது ஒரு சொல் கையில் சிதைந்துவிட்டது. அம்மா திரும்பச் சொல்லச் சொன்னாள். திரும்பச் சொன்னேன்.

அம்மா அழவில்லை. மூன்று கேள்வி கேட்டாள். எடுத்துவிட்டால் இடது கையைத் தூக்கிப் பேச எத்தனை நாளாகும்? அதே மயக்கத்தில் எடுக்காமல் என்னை எழுப்பிக் கேட்டுவிட்டு, இன்னொரு நாள் எடுத்தால் கெடுதல் உண்டா? உனக்கும் இது வருமா?

ஒரு மாதமாக நான் அந்த டாக்டரம்மாவிடம் எத்தனையோ பேசியிருக்கிறேன். இந்த மூன்றில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை.

எப்படித் தெரியும் என்று கேட்டேன். முதல் நாளே தெரியும் என்றாள். கை சாதாரணக் கட்டி என்றதாம், புருவம் வேறு ஏதோ சொன்னதாம். வாசல் பலகையையும் வெளியே வரும்போது படித்துவிட்டாளாம். அப்பாவுக்கு அன்று சாயங்காலமே சொல்லிவிட்டாளாம். ஏன் என்னிடம் கேட்கவில்லை என்றேன்.

அதற்கு அம்மா இதுவரை எனக்குச் சொல்லாத ஒன்றைச் சொன்னாள். அவளுக்கு ஆறு வயதாக இருக்கும்போது புது கவுன் போட்டு ரயிலில் கூட்டி வந்தார்களாம், அவள் அம்மாவும் ஐவி பெரியம்மாவும். எங்கே என்று யாரும் சொல்லவில்லை. புது கவுன் என்பதால், ஆலயத்தில் எல்லாருக்கும் சோறு போடும் அசனப் பண்டிகை என்று நினைத்துக்கொண்டாளாம். ஒரு பெரிய கட்டடத்தில் உட்காரவைத்துச் சோறு போட்டார்கள். நிமிர்ந்து பார்த்தபோது இரண்டு பேரும் இல்லை. அது பள்ளிக்கூடம் என்று தெரிய நாலு மாதம் ஆனது. அதுவரை தன்னை வேண்டாம் என்று எறிந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்திருக்கிறாள்.

"எல்லாரும் எனக்குப் பாதிதான் சொன்னார்கள்" என்றாள் அம்மா. "நீயாகச் சொல்வாய் என்று காத்திருந்தேன். நீ சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை."

நான்தான் அழுதேன். அப்பா அச்சகத்திலிருந்து சாப்பாட்டுத் தூக்கோடு வந்து நின்றார். என் முகத்தையும் சீட்டையும் பார்த்தார். என் தலையில் கையை வைத்தார். கையில் மை வாசனை அடித்தது.

மத்தியானம் மூன்று பேரும் டாக்டரம்மாவைப் பார்க்கப் போனோம். நான் சொல்வதை மட்டும் சொல், கூட்டாதே குறைக்காதே என்றாள் அம்மா. கேள்விகளைச் சொன்னேன். டாக்டரம்மா பதிலை என்னைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தார். நான், "டாக்டர், அம்மாவப் பாத்துச் சொல்லுங்க" என்றேன். அவர் கொஞ்சம் தடுமாறிவிட்டுத் திரும்பி உட்கார்ந்தார். கை பழையபடி தூக்க சில வாரம் ஆகலாம், பயிற்சி கொடுப்போம் என்றார். எழுப்பிக் கேட்டுவிட்டு இன்னொரு நாள் செய்வதால் பெரிய கெடுதல் இல்லை, இன்னொரு தடவை மயக்கம் கொடுக்க வேண்டியிருக்கும் என்றார். மகளுக்கு வருமா என்பதை ரிப்போர்ட் வந்த பிறகு பேசலாம், இப்போது பயப்பட வேண்டாம் என்றார். அம்மா அந்த வரியைக் காட்டினாள். டாக்டரம்மா அதை அடித்துவிட்டுப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். அம்மாவும் போட்டாள், இந்தத் தடவை கால் மறக்காமல்.

படிக்க நிறைய இருக்கிறது. ஆனால் வார்டு வராந்தாவில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் தூங்கிவிட்டேன். இப்படித் தூங்கி எத்தனை நாளாகிறது.

பிப்ரவரி 22, வியாழன்

காலையில் டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு உள்ளே இருக்கும் சிஸ்டர்களுக்கு நாலைந்து சைகை சொல்லிக்கொடுக்கச் சொன்னார். வலிக்கிறதா, குளிர்கிறதா, முடிந்துவிட்டது, பயப்படாதீர்கள். அவர்கள் முகக்கவசம் போட்டிருப்பார்கள், அம்மாவுக்கு வாய் தெரியாதே என்று அவருக்கே தோன்றியிருக்கிறது.

டிரிப்ஸ் போட வந்த சிஸ்டர் அம்மாவின் வலது கையைப் பிடித்தார். இடது கையில் போடுங்கள் என்றேன். "இதுலதான் நரம்பு நல்லாத் தெரியுது. நீ தள்ளி நில்லும்மா" என்றார்.

நான் தள்ளி நிற்கவில்லை. "சிஸ்டர், அது அவங்க பேசுற கை" என்றேன். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது.

சிஸ்டர் என்னைப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார். இடது கையை எடுத்தார். இரண்டு தடவை தவறி மூன்றாவது தடவை நரம்பு கிடைத்தது. என்ன பேசினாய் என்று அம்மா கேட்டாள். சொன்னேன். அம்மா சொல்லச் சொல்லி நான் சொன்னதல்ல அது. நானாகச் சொன்னது.

ஒன்றரை மணி நேரம். அப்பா ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தார். நான் வேதியியல் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்தேன். டாக்டரம்மா வந்து, அவசரச் சோதனையில் மோசமாக ஒன்றும் தெரியவில்லை, ஆனால் முழு ரிப்போர்ட் வந்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும், இரண்டு வாரத்துக்கு மேலாகும் என்றார். அம்மா கண் திறந்ததும் அதை அப்படியே சொன்னேன். ‘ஆனால்’ என்பதையும் சொன்னேன். அம்மா வலது கையைத் தூக்கி, தண்ணீர் என்றாள்.

பிப்ரவரி 25, ஞாயிறு

வீட்டுக்கு வந்துவிட்டோம். அப்பா வைத்த குழம்பு வாயில் வைக்கிற மாதிரி இருந்தது. கொஞ்சம் உப்பு அதிகம் என்று சொல்லிவிட்டேன். இந்த வாரம் முழுக்க எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சாப்பிட்டு முடித்ததும் அம்மா என்னை எதிரே உட்காரவைத்தாள். "நான் சொல்லிவிட்டேன். இப்போது நீ சொல்" என்றாள். என்ன சொல்ல என்றேன். பழுப்புத்தாள் உறை என்றாள். என் பாடப் புத்தகத்தை அம்மா தூசி தட்டாத நாளே இல்லை என்பதை நான் எப்படி மறந்தேன்.

அது ஒன்றுமில்லை, ஷமீமா கொடுத்தது என்றேன். அம்மா என் புருவத்தைப் பார்த்தாள்.

அப்புறம் சொன்னேன். எனக்கு அங்கே போக வேண்டும். அது என்ன படிப்பு என்றுகூட முழுதாகத் தெரியாது, ஆனால் போக வேண்டும். போனால் வங்கிக்கு யார் வருவார்கள், கதவைத் தட்டினால் யார் கேட்பார்கள், உங்களுக்கு உடம்பு முடியாமல் போனால் யார் என்று நினைத்து நினைத்து அதை உறைக்குள் வைத்துவிட்டேன். சொல்லும்போது எனக்கே வெட்கமாக இருந்தது, எவ்வளவு நாளாக இதை ஆசைப்பட்டிருக்கிறேன் என்று.

அப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சென்னை எவ்வளவு தூரம் என்று கேட்டார். ஒரு ராத்திரி ரயில் என்றேன். பிறகு எழுந்துபோய் அந்தச் சின்ன நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். கேஸ், ரேஷன், கரண்ட் ஆபீஸ் என்று மூன்று வாரமாக அவர் எழுதிக் கேட்டதும் மற்றவர்கள் எழுதிக் கொடுத்ததும் முழுக்க நிறைந்திருந்தது. கரண்ட் ஆபீஸ்காரர் ஒருவர் அண்ணாச்சி என்று மரியாதையாக எழுதியிருந்தார். அப்பாவுக்கு அதில் ரொம்பப் பெருமை.

பிப்ரவரி 26, திங்கள்

விண்ணப்பத்தை விரைவுத் தபாலில் அனுப்பினேன். ஷமீமா கூட வந்தாள். எனக்கு முன்னாலேயே தெரியும் என்றாள். எல்லாருக்கும் எல்லாம் முன்னாலேயே தெரிந்திருக்கிறது.

மார்ச் 1, வியாழன்

தமிழ் முதல் தாள். எழுதினேன். நன்றாகத்தான் எழுதினேன் என்று நினைக்கிறேன்.

மார்ச் 12, திங்கள்

கணக்குப் பரீட்சை அன்றைக்கே ரிப்போர்ட் வரும் என்று சொல்லிவிட்டார்கள். நான் பரீட்சை எழுதிவிட்டு வந்து கூட்டிப்போகிறேன், மத்தியானம் போகலாம் என்றேன். அம்மா, நீ பரீட்சைக்குப் போ, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றாள். அப்பா சட்டைப்பையில் நோட்டை வைத்துப் பேனாவைச் சொருகிக்கொண்டார்.

பத்து மதிப்பெண் கேள்விகள் எல்லாம் போட்டேன். ஒன்றில் விடை வரவில்லை, விட்டுவிட்டேன். மணி அடித்ததும் பையை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

பள்ளி வாசலுக்கு எதிர்ப்பக்கம், ரோட்டுக்கு அந்தப் பக்கம், அம்மாவும் அப்பாவும் நின்றுகொண்டிருந்தார்கள். வண்டிகள் விடாமல் போய்க்கொண்டிருந்தன. கடக்க முடியவில்லை. அம்மா என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கினாள். ரிப்போர்ட் வந்துவிட்டது என்றாள். டாக்டர் சொன்னது என்றாள். கட்டியில் என்றாள். அப்போது ஒரு டவுன் பஸ் நடுவில் வந்து நின்றது. நிறுத்தமே இல்லாத இடத்தில் நின்று ஆளை ஏற்றியது. குனிந்து பார்த்தேன். பஸ்ஸின் அடியில் அம்மாவின் செருப்பும் சேலைக் கரையும் மட்டும் தெரிந்தன.

பஸ் நகர்ந்தது. நடுவில் அறுந்துபோனது அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. முதலிலிருந்து சொன்னாள். ரிப்போர்ட் வந்துவிட்டது. டாக்டர் சொன்னது. கட்டியில் புற்று இல்லை. சாதாரணக் கட்டி. எடுத்தாகிவிட்டது. இனி ஒன்றும் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டினால் போதும்.

இடது கையைக் கொஞ்சம் தாழ்த்தித்தான் பேசினாள். ஆனால் ஒரு சொல்லும் சிதையவில்லை.

என் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் அங்கேதான் நின்றார்கள். நான் பையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும், உண்மையாகவா, முழுதாகச் சொல், டாக்டர் வேறு என்ன சொன்னார் என்று கேட்டேன். அம்மா சிரித்தாள். இதுதான் முழுது என்றாள். அப்பா நோட்டை உயரத் தூக்கிக் காட்டினார். அவ்வளவு தூரத்திலிருந்து எனக்கு என்ன தெரியும். இருந்தும் படித்துவிட்ட மாதிரி தலையாட்டினேன்.

நான் பிறந்ததிலிருந்து வீட்டுக்கு வரும் செய்தி எதுவானாலும் என் காது வழியாகத்தான் அவர்களிடம் போகும். இன்று அவர்கள் கேட்டுவந்து எனக்குச் சொன்னார்கள்.

மார்ச் 13, செவ்வாய்

காய்ச்சல். நாள் முழுக்கத் தூங்கினேன். அம்மா கஞ்சி கொடுத்தாள், அப்பா துணி துவைத்தார். அடுத்த பரீட்சைக்கு நாலு நாள் இருக்கிறது. ஒன்றும் அவசரமில்லை.

ஏப்ரல் 1, ஈஸ்டர்

ஐவி பெரியம்மா முந்திரிக்கொத்துப் பலகாரத்தோடு வந்தார். அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார். பிறகு என்னைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்து, அடுத்த மாதம் அவர் மகன் ஜெரால்டு அண்ணனுக்கு நிச்சயம் வைத்திருப்பதாகச் சொன்னார். பெண் வீட்டார் பெரிய இடமாம். "அவுங்க என்ன நெனைப்பாங்களோன்னு இருக்கு. நிச்சயத்துக்கு உங்களக் கூப்பிடல, கல்யாணத்துக்கு மட்டும் வாங்க. இத இப்ப அவகிட்ட சொல்லாத, என்ன?" என்றார்.

நான் அம்மாவின் பக்கம் திரும்பி எல்லாவற்றையும் சொன்னேன். நிச்சயம், பெரிய இடம், கூப்பிடவில்லை, அவளிடம் சொல்லாதே. கடைசி வார்த்தை வரைக்கும்.

பெரியம்மாவுக்குக் கைப்பேச்சு அரைகுறையாகத்தான் தெரியும். ஆனால் அம்மாவின் முகம் மாறுவதைப் பார்த்துப் புரிந்துகொண்டார். "ஏ பியூலா, என்னட்டி சொன்ன அவகிட்ட?" என்றார்.

"நீங்க சொன்னது எல்லாத்தையும் சொன்னேன் பெரியம்மா. அம்மாவுக்கு இனிமே பாதி சொல்லக்கூடாது."

அம்மா பதில் சொன்னாள். நான் குரலில் சொன்னேன்: "நிச்சயத்துக்கு நான் வருவேன். முன்னாடி வரிசையில உக்காருவேன். ஜெரால்டு தொட்டில்ல கெடந்தப்ப நான்தான் ஆட்டிவிட்டேன். அவன் அழுதா எனக்குக் கேக்காதுன்னு கயித்த என் கால்ல கட்டிக்கிட்டுத் தூங்குவேன். அது உனக்கு மறந்துட்டுதா?"

பெரியம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். அப்பாதான் எழுந்து எல்லாருக்கும் பிரியாணி வைத்தார். சாப்பாட்டின் நடுவில் பெரியம்மா அம்மாவின் தோளைத் தொட்டு, நிச்சயத்துக்குக் கட்டப்போகும் சேலைக்கு நீதான் பிளவுஸ் தைக்க வேண்டும் என்று கையாலேயே தட்டுத்தடுமாறிச் சொன்னார். தைக்க என்பதற்குப் பதில் கிழிக்க என்று வந்துவிட்டது. அம்மா சிரித்த சிரிப்பில் அவளுக்குப் புரையேறிவிட்டது.

மே 13, ஞாயிறு

மதுரையிலிருந்து இப்போதுதான் திரும்பினேன். நுழைவுத் தேர்வு சுமாராக இல்லை, நன்றாகவே எழுதினேன். கிடைக்குமா என்பது ஜூனில் தெரியும்.

காலையில் நான் போன விதத்தை எழுதிவிட்டுப் படுக்கிறேன். அப்பா கூட வருகிறேன் என்று கிளம்பி நின்றார். அம்மா, அவளே போகட்டும் என்றாள். பஸ்ஸில் ஏற்றிவிட்டு இரண்டு பேரும் கீழே நின்றார்கள். ஷமீமா முதல் நாளே அவள் மாமா வீட்டுக்குப் போய்விட்டதால் நான் மட்டும்தான். தனியாக ஊர் விட்டு ஊர் போவது இதுவே முதல் தடவை.

கயத்தாறில் ஏறிய ஒரு அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்தார். மடியில் வாழைப்பூ நிறைந்த கூடை. எங்கே போகிறேன், எதற்கு என்று கேட்டார். சொன்னேன். "படிச்சு என்ன ஆகப் போற?" என்றார்.

தெரியவில்லை என்று சொன்னேன். அங்கே போனால் தெரியும் என்று நினைக்கிறேன் என்றேன். அவர் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. போனாத்தான தெரியும் என்றார்.

அதற்குப் பிறகு நான் பேச ஆரம்பித்தேன். கணக்கில் எனக்கு எது பிடிக்கும், வேதியியலில் எது பிடிக்காது, பிரிசம் வழியாக முதல் தடவை வெளிச்சம் பிரிந்ததைப் பார்த்தபோது ஆய்வகத்தில் அழுதுவிட்டது, எனக்கு நீச்சல் கற்றுக்கொள்ள ஆசை, மழை பெய்தால் படிக்க வராது, கத்தரிக்காய் ஆகாது. அந்த அம்மா வாழைப்பூவை ஒவ்வொன்றாகத் திருப்பி அடுக்கிக்கொண்டே கேட்டார். கோவில்பட்டி போனது, நான் நிறுத்தவில்லை. சாத்தூரில் அவர் இறங்கும்போது, "நல்லா வாயடிக்கிற பிள்ள. நல்லா எழுதிட்டு வா தாயி" என்றார்.

பஸ் கிளம்பிய பிறகுதான் கவனித்தேன். தொண்டை வறண்டு எரிந்தது. அவ்வளவு பேசியிருக்கிறேன், அத்தனையும் என்னைப் பற்றி. விருதுநகரில் பஸ் நின்றதும் இறங்கி ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கி, நின்ற இடத்திலேயே முழுவதையும் குடித்தேன்.